மாயா அருள்பிரகாசத்தின் இசைவாழ்வு: கிழக்கிலிருந்து ஒரு வாசிப்பு

1. ஆய்வின் எல்லை

தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி, அதை எப்போது எப்படி வெளியிடுவது என்ற முடிவையும் கையில் வைத்திருக்கும் பாடகர்கள் இங்கிலாந்தில் ஒரு மரபாகவே வளர்ந்திருக்கிறார்கள். பில்லி பிராக் 1983 இல் தன் முதல் இசைத்தட்டின் உறையிலேயே 'இதற்கு மேல் விலை கொடுக்காதீர்கள்' என்ற பொருளில் ஒரு தொகையை அச்சிட்டு விற்றார். கலைஞனின் தன்னுரிமை அங்கே கடைக்காரனின் கல்லாப்பெட்டி வரைக்கும் போனது. அந்த மரபின் அடுத்த தலைமுறையில் ஈழத்தமிழ்ப் பெண் ஒருவர் இருக்கிறார். மாதங்கி என்ற மாயா அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ.

அவருடைய இருபது ஆண்டு இசையைத் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பகுதியில் உள்ள கிளிவெட்டியிலிருந்து வாசிப்பதற்குக் காரணம் உண்டு. 2006 இல் சம்பூரிலும் மூதூர் கிழக்கிலும் போர் மூண்டபோது வெளியேறிய சனங்கள், மட்டக்களப்புவரை அலைந்து திரும்பி, ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த இடைத்தங்கல் முகாம் கிளிவெட்டியில்தான் இருந்தது. அந்த முகாம் வாழ்வு தொடங்கிய அதே 2007 இல்தான் எம்.ஐ.ஏ.யின் 'கலா' வெளிவந்தது. எல்லை, விசா, துரத்தப்படுதல் ஆகியவற்றை உலகத்தின் நடனக்கூடங்களுக்குள் கொண்டுபோன இசைத்தொகுப்பு அது. துரத்தப்பட்டவர்களுக்கோ அது எட்டவில்லை. அந்தத் தூரத்தை மறக்காமல் அவரைப் படிக்க வேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட நிலை.

2. முன்னோர்

ஈழத்தில் இந்த வகைப் பாடகர் புதியவர் அல்ல. உரும்பிராயின் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே'யை எழுதி, மெட்டமைத்து, பாடி, தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தார். ஏ.ஈ. மனோகரன் பைலாத் தாளத்தைத் தமிழ் மேடைக்கு இழுத்து வந்து, தமிழ்நாடுவரை கொண்டு சென்றார். திருகோணமலைக்குச் சொந்தமான பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் கித்தாருடன் மெல்லிசைக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். சினிமா இல்லாமலே பாட்டு வாழும் என்று இவர்கள் காட்டினார்கள். தமிழ் இசைவரலாற்றில் இது சிறிய செய்தி அல்ல. 1983 இன் தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குப் பிறகு அந்த மேடைகள் சிதறின. பாடியவர்களும் கேட்டவர்களும் மெல்பேர்ணிலும் ஜேர்மனியிலும் லண்டனிலும் குடியேறினார்கள். மாயா அவர்களிடம் பாட்டுக் கற்றார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவரும் அதே சிதறலில் வளர்ந்தவர்.

3. பிறப்பும் பெயர்வும்

1975 ஜூலை 18 இல் மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டார். தந்தை அருளர், ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'லங்கா ராணி' நாவலை எழுதியவர். தந்தை பெரும்பாலும் வீட்டில் இல்லாத பிள்ளைப்பருவம், இடையில் சென்னை வாழ்வு, மீண்டும் யாழ்ப்பாணம், 1986 இல் தாய் கலாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மறுபடி லண்டன். அங்கே மிச்சம் (Mitcham) என்ற பகுதியின் அரச குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தார். பின்னர் சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் படித்தார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அரச விருதுப் பதக்கங்களின் தையல் வேலையும் அந்தக் கைகளுக்கு வந்திருந்தது. 2020 இல் அதே வகைப் பதக்கம் ஒன்று மகளுக்கு வழங்கப்பட்டபோது, அதைத் தன் தாய்க்கான மரியாதையாகவே மாயா ஏற்றுக்கொண்டார்.

4. கருவியும் முறையும்

இவருக்கு முறையான இசைப்பயிற்சி கிடையாது. எலாஸ்ரிக்கா இசைக்குழுவோடு ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி மேடையில் தனியாளாக இயக்கிக் காட்டிய றோலண்ட் எம்.சி. 505 என்ற தாளப் பெட்டி அவரைப் பிடித்துக்கொண்டது. பொத்தானைத் தட்டினால் மத்தளமும் ஆழ்சுருதியும் வரும். தட்டியதைப் பெட்டியே நினைவில் வைத்து மீண்டும் மீண்டும் சுழற்றும். அறை ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும், வாத்தியக்காரர் யாரும் வேண்டாம். இதில்தான் 'கலாங்' பிறந்தது. 2003 இல் சிறிய நிறுவனம் ஒன்று அதை வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளியிட்டது. நடனக்கூடங்களில் தட்டுகள் கைமாறின. பிறகுதான் லண்டனின் எக்ஸ்.எல். நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2005 இல் தந்தையின் பெயரிலேயே 'அருளர்' வெளிவந்து, பிரித்தானியாவின் மெர்க்குரிப் பரிசுக்கான இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது.

இந்தப் பெட்டியின் வரம்பு அவருடைய பாட்டின் வடிவத்தையே தீர்மானித்தது என்பது என் கருத்து. சுருதி மாற்றங்கள் குறைவு, வரிகள் குட்டை, ஒரே சொற்றொடர் தாளத்தோடு திரும்பத் திரும்ப வரும். விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் பாடும் பாட்டின் அமைப்புக்கு இது மிக நெருக்கம். ஒரு மேடையும் பெரிய வாத்தியக்குழுவும் கிடைத்திருந்தால் இந்த அமைப்பு வந்திருக்காது.

5. 'கலா': இடத்திலிருந்து எடுத்த ஒலி

இரண்டாவது தொகுப்பு அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர் ஒருவரோடு உருவாக வேண்டியது. 2006 இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அந்தத் தடைதான் அவரை இந்தியா, ஜமெய்க்கா, ட்ரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைய வைத்தது. அலைந்த ஊர்களின் ஒலி அப்படியே தொகுப்புக்குள் வந்தது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் கலையகத்தில் உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அடிக்காமல் தேய்ப்பார்கள். தோலிலிருந்து ஒரு முனகல் எழும். நாட்டார் தெய்வங்களின் கொடையில் சாமியாடிக்கு அருள் வரவழைக்கும் ஒலி அது. அந்த முனகலை மின்தாளத்துக்கு அடியில் போட்டு 'பேர்ட் ஃபுளூ'வைச் செய்தார். கிழக்கின் அம்மன் கோயில்களில் உடுக்கும் பறையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பாட்டில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. உடம்பு முதலில் அறிந்துகொள்ளும். 'பம்பூ பங்கா'வில் 'தளபதி' படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டின் துண்டு ஒன்று வருகிறது. வில்கானியா என்ற அவுஸ்திரேலிய ஊரின் பூர்வகுடிச் சிறுவர்களும் ஒரு பாட்டில் பாடுகிறார்கள்.

தொகுப்பின் மையம் 'பேப்பர் பிளேன்ஸ்'. தி கிளாஷ் குழு 1982 இல் குடியேறிகளைப் பற்றிப் பாடிய ஒரு பாட்டின் கித்தார் ஒலி அடியில் ஓடுகிறது. பல்லவியில் மனிதச் சொல் பாதியில் நின்றுவிட, துப்பாக்கிச் சத்தமும் காசுப்பெட்டி திறக்கும் மணியும் அதை நிறைவு செய்கின்றன. கூடவே பிள்ளைகளின் குரல். விசா வரிசையில் நிற்கும் கறுத்த முகத்தைப் பார்த்ததும் அதிகாரி என்ன நினைப்பானோ, அதையே பாடகி தன் வாயால் சொல்லிக் காட்டுகிறார்: நாங்கள் கொல்லவும் கொள்ளையடிக்கவும் வருகிறோம் என்றுதானே நம்புகிறீர்கள், இதோ கேளுங்கள் என்ற தொனி. எம்.ரி.வி. அந்தத் துப்பாக்கிச் சத்தங்களை மழுங்கடித்து ஒளிபரப்பியது. போர்கள் செய்தியாக ஓடும் திரையில் பாட்டின் வெடிச்சத்தம் மட்டும் நெருடலாயிற்று. 2008 இல் அது அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 4 ஆம் இடம் வரை ஏறியது; மறு ஆண்டு கிராமியின் ஆண்டின் சிறந்த பதிவுக்கான பரிந்துரை பெற்றது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாட்டுக்கு ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. சென்னைத் தமிழர் ஒருவரும் ஈழத்தமிழ்ப் பெண் ஒருவரும் ஒரே பாட்டுக்காக அந்தப் பட்டியலில் நின்றார்கள். பரிசை ரஹ்மானின் இன்னொரு பாட்டு வென்றது.

அதே 2009 இல், வன்னியில் சனங்கள் செத்துக்கொண்டிருந்த மாதங்களில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாயா அதைப் பற்றிப் பேசினார். நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடியதும் அப்போதுதான். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய அரங்குகளில் எங்கள் பெயரைச் சொன்ன தமிழ்க் கலைஞர் வேறு யார்?

6. செய்தவர் யார்?

பத்திரிகைகள் டிப்லோ, சுவிட்ச் என்ற ஆண் தயாரிப்பாளர்களையே இசையின் மூளையாக எழுதின. 2007 இல் மாயா இதை நேர்காணலில் வெளிப்படையாக எதிர்த்தார்: 'அருளர்' பாட்டுகளின் அடிப்படையைத் தானே பெட்டியில் தட்டி எடுத்ததை நினைவூட்டினார். தமிழ் ஆய்வாளர்கள் இந்த எதிர்ப்பை முக்கியமான ஆவணமாகக் கொள்ள வேண்டும். எங்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் நாற்றுநடவுப் பாட்டையும் கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவை 'நாட்டார் பாடல்' என்ற தலைப்பின் கீழ் ஆசிரியர் இல்லாத சொத்தாகத் தொகுக்கப்பட்டன. தொகுத்தவரின் பெயர் அட்டையில் இருக்கும்; பாடிய ஆச்சியின் பெயர் உள்ளேயும் இருக்காது. லண்டன் கலையகத்தில் நடந்ததும் இதே அழிப்புத்தான்.

7. நிறுவனங்களோடு

வெளியீட்டு உரிமைக்காக அவர் பலமுறை மோதினார். 2004 இல் அனுமதிபெறாத ஒலித்துண்டுகளால் ஆன கலவைத் தொகுப்பு. 2010 கடைசி நாளில் 'விக்கி லீக்ஸ்' என்ற இலவசத் தொகுப்பு. 2013 இல் நிறுவனம் 'மாதங்கி'யை இழுத்தடித்தபோது 'நானே கசிய விடுவேன்' என்ற எச்சரிக்கை, உடனே தேதி அறிவிப்பு. 2012 இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் விரலை உயர்த்தியதற்காகப் போட்டியமைப்பு தொடுத்த வழக்கு 2014 இல் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கு செய்தியானது, இசைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

8. குறைகள்

அன்போடு படிப்பவர் குறையையும் சொல்ல வேண்டும். ஆரம்பகால ஓவியங்களிலும் உறைகளிலும் புலியும் துப்பாக்கியும் அழகுப்பொருள்களாக வந்தன. எல்லாத் தரப்பின் துப்பாக்கிகளையும் அறிந்த மூதூர்ப் பிரதேசத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்த அழகு தாங்கக்கூடியது அல்ல. போர்நிலத்துக்குள் இருந்தவரின் அச்சம் அவருடைய பாட்டில் குறைவு. வெளியே இருந்தவரின் கோபமே மிகுதி. 2010 இன் 'மாயா' இணையக் கண்காணிப்பை முன்கூட்டியே பேசிய துணிச்சலான தொகுப்பு. ஆயினும் அதில் ஊர்களின் ஒலி குறைந்து இயந்திர இரைச்சல் நிறைந்தது. 2016 இன் 'ஏ.ஐ.எம்.', 2022 இன் 'மாதா' இரண்டிலும் நல்ல பாட்டுகள் உண்டு. 'கலா'வின் அடர்த்தி இல்லை. அலைந்து திரிந்து ஒலி சேர்த்த காலமே அவருடைய உச்சம் என்பது என் முடிவு.

விதிவிலக்கு 'போர்டர்ஸ்'. 2015 இல் அவரே இயக்கிய அதன் காணொளியில், மனிதர்கள் கம்பிவேலியில் ஏறித் தொற்றி நிற்கிறார்கள். படகில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள்.  சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டு, கிளிவெட்டி முகாமில் எஞ்சியிருந்தவர்கள் ஊர்திரும்பத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

9. செய்ய வேண்டியவை

தமிழ்ப் பாடத்திட்டங்களில் சினிமா இசைக்கும் கர்நாடக இசைக்கும் இடம் இருக்கிறது. நித்தி கனகரத்தினம் முதல் எம்.ஐ.ஏ. வரையான தன்னுரிமைப் பாடகர்களின் வரிசையையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் அதைத் தொடங்கப் பொருத்தமான இடங்கள். அவற்றின் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கிளிவெட்டிக்கும் சம்பூருக்கும் போக வேண்டும். முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்த பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும், பாடுபவரின் சம்மதத்தோடும் பெயரோடும், பதிவு செய்து நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்தில் சேர்க்க வேண்டும். அந்தப் பெண்களில் மூத்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இந்த வேலையை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.