தோட்டத்துத் தீபாவளி விருந்து

ஒரு சமுதாயத்தின் திருநாள் உணவை ஆராய்வோர், அச்சமுதாயம் ஏனைய நாள்களில் எதனை உண்டு வாழ்ந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழர்க்குத் தீபாவளி விருந்தாக அமைந்தது இட்டிலியும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆகும். இன்று கேட்போர்க்கு இது எளிய உணவாகவே தோன்றும். ஆனால், பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பால்மரக் காட்டிலேயே பகலைக் கழித்த குடும்பத்திற்கு, காலையில் பழஞ்சோறும் மாலையில் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தலே இயல்பு. அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்து, மாவு புளிக்கும்வரை காத்திருக்க அக்குடும்பத்துப் பெண்களுக்கு நேரம் ஏது? ஆகவே இட்டிலி என்பது ஓய்வின் அடையாளமாயிற்று.

இறைச்சியின் கதையும் அத்தகையதே. லயத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, ஓர் ஆட்டை அறுத்துக் கூறு போட்டுக்கொள்ளும். முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் ஒரு வீட்டுப் பண்டங்களல்ல. ஒருத்தி மாவிடிக்க, ஒருத்தி பிழிய, இன்னொருத்தி அடுப்பருகே அமர்ந்து எண்ணெயிலிருந்து எடுப்பாள். இவ்வுழைப்பு முழுவதும் பெண்கள் தலைமேல் விழுந்தது என்பதையும், கூலியில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குச் சென்றது என்பதையும் பழமையைப் போற்றுவோர் பலர் மறந்துவிடுகின்றனர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மா, சயாம் முதலிய வெளிநாடுகளிலிருந்தே தருவித்து வந்தது. ரப்பரை விற்று அரிசியை வாங்கிய நாடு அது. கப்பல்கள் நின்றதும் ரப்பருக்கு விலையில்லை, அரிசிக்கு வழியுமில்லை. 1942 முதல் 1945 வரை மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குமே பல தோட்டங்களில் சோற்றின் இடத்தைப் பிடித்தன. சீனியும் எண்ணெயும் அரிதாகிவிட, பலகாரம் பேச்சளவில் நின்றது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். உணவில்லாமையால் மட்டுமன்று, உண்ண வேண்டியவர் இல்லாமையாலும் அவ்வாண்டுகளின் திருநாள் பல வீடுகளில் வெறுமையுற்றது.

போருக்குப் பின்னரும் அரிசிப் பங்கீடு சில ஆண்டுகள் நீடித்தது. 1948இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலத்தில், காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரரை உணவு சென்றடையாதிருக்கும் பொருட்டு, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தொழிலாளர் உணவை வேலைக்காட்டுக்கு எடுத்துச் செல்வதும் தடுக்கப்பட்டது.

விருந்தின் வடிவை உண்மையில் மாற்றியது பஞ்சமன்று, தோட்டங்களின் சிதைவேயாகும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளையரின் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களை வாங்கிக் காத்தது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் ரப்பர் அழிந்து செம்பனை பெருக, இளைஞர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அடுக்கு மாடி வீட்டில் ஆட்டைக் கூறு போட அண்டை வீட்டார் இல்லை. இறைச்சி சந்தையிலிருந்து வந்தது. மாவு பொட்டலத்தில் வந்தது. முறுக்கு ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களில் தொழிலாகவே வளர்ந்து, கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

இழப்பு மட்டுமே நேர்ந்ததாகக் கூறுதல் பொருந்தாது. திறந்த இல்ல உபசரிப்பு பரவியபின் மலாய்க்கார, சீன நண்பர்களும் தமிழர் இல்லத்தில் அமர்ந்து உண்கின்றனர். முஸ்லிம் விருந்தினர் தயங்காது உண்ணும்படி, ஹலால் இறைச்சியையே தேடி வாங்கும் வழக்கமும் உண்டாயிற்று. பிரியாணியும் ரெண்டாங்கும் இலையில் இடம்பெற்றன. இட்டிலியோ உணவகங்களில் நாள்தோறும் கிடைக்கும் காலையுணவாகித் தன் சிறப்பை இழந்தது.

பழைய உணவுப் பட்டியல் மாறாது நிற்குமிடம் ஒன்று உண்டு. அது முன்னோர்க்கு இடும் தீபாவளிப் படையல். மறைந்தவர் விரும்பி உண்டவற்றையே படைப்பது மரபு. அதனால், தோட்டத்தில் வாழ்ந்து மறைந்த பாட்டனுக்கு இட்டிலியோடும் ஆட்டுக்கறியோடும், அவர் அன்றாடம் உண்டதும் பேரப்பிள்ளைகள் தொடாததுமாகிய கருவாட்டுக் குழம்பும் சில இல்லங்களில் இலையில் வைக்கப்படுகிறது.