திருக்காவலூரும் திருச்சிராப்பள்ளி அரசவையும்: வீரமாமுனிவரின் அரசியல் பங்கு – ஒரு மறுநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியை நடுவமாகக் கொண்டு பணியாற்றிய வீரமாமுனிவர், சந்தா சாகிப்பின் திவானாக விளங்கினார் என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவருக்கு அளிக்கப்பட்டதாகக் கூறப்படும் பல்லக்கும் இனாம் ஊர்களும் ஆட்சிப் பதவியின் அடையாளங்கள் அல்ல, சமயத் தலைவருக்கு அக்கால அரசுகள் வழக்கமாகச் செய்த சிறப்புகளே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சி, அரியலூர்ப் பாளையம், சந்தா சாகிப், இனாம், திவான்.

முன்னுரை

சமயத் தலைமையும் ஆட்சித் தலைமையும் ஒருவரிடமே குவிந்த நிலைக்கு இடைக்கால ஜெர்மனியின் இளவரச ஆயர்கள் சிறந்த எடுத்துக்காட்டாவர். 1356ஆம் ஆண்டின் பொன் ஆணை, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவருள் மைன்ஸ், கொலோன், டிரியர் ஆகிய மூன்று பேராயர்களுக்கு இடமளித்தது. அத்தகைய ஆயர்கள் வரி தண்டினர், நீதி வழங்கினர், படையும் வைத்திருந்தனர். அவர்களது நில ஆட்சி 1803ஆம் ஆண்டு வரை நீடித்தது.

வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680 நவம்பர் 8 அன்று வட இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்தார். அது புனித உரோமைப் பேரரசுக்கு உட்பட்ட கொன்சாகா மரபினரின் சிற்றரசாகும். அம்மரபின் மூத்த மகனான அலோசியுஸ் கொன்சாகா, ஆட்சியுரிமையைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்தவர். 1698இல் பெஸ்கி சேர்ந்ததும் அச்சபையிலேயே ஆகும். பதவிகளை நாடலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. எனினும் பீஜிங் அரண்மனையில் அச்சபையினர் வானியல் துறைத் தலைமையை ஏற்றதும் உண்டு. ஆகவே விதியைக் காட்டி மட்டும் திவான் கருத்தை மறுத்துவிட இயலாது. சான்றுகளை அவற்றின் களத்தில் வைத்தே ஆராய வேண்டும்.

எல்லைப்புறத்தில் ஓர் அடைக்கலம்

ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடபுறத்தே அமைந்த ஊர். ஆற்றின் தென்கரை தஞ்சை மராட்டியரின் ஆட்சிப்பகுதி. வடகரை அரியலூர் மழவராயர்களின் பாளையம். 1701இல் தஞ்சை அரசர் சகஜியின் காலத்தில் அங்கிருந்த கிறித்தவர்கள் கடும் ஒடுக்குமுறைக்கு ஆளாயினர். ஓர் அரசின் ஆணை செல்லாத எல்லை, ஆற்றைக் கடந்தவுடன் தொடங்கியது. இவ்வூருக்கு வழங்கும் திருக்காவலூர் என்னும் பெயரையும், அங்குள்ள அன்னைக்கு வழங்கும் அடைக்கல மாதா என்னும் பெயரையும் இப்பின்புலத்தில் நோக்குதல் தகும். காவல் என்பது பாளையக்காரர்களின் உரிமையையும் வருவாயையும் குறித்த சொல். அரசியல் வழக்கிலிருந்த அதே சொல் இங்குச் சமய வழக்கில் பயில்கிறது. திருக்காவலூர்க் கலம்பகமும் இத்தலத்தைப் பாடுபொருளாகக் கொண்டதே.

இக்காவல் எளிதில் கிட்டியதன்று. தொடக்க ஆண்டுகளில் குருக்கள்பட்டியில் பணியாற்றியபோது, பெஸ்கி சிறைப்பட்டு மரண தண்டனையின் விளிம்பு வரை சென்று மீண்டவர். உள்ளூர்த் தலைவரின் ஆதரவின்றிப் பணி நிலைக்காது என்பதை அவர் பட்டறிந்திருந்தார். அரங்கப்ப மழவராயரின் இராசபிளவை நோயை அவர் தீர்த்தமையால் கோயிலுக்கு நிலம் வழங்கப்பட்டது என்பது ஏலாக்குறிச்சி மரபு. நோய் நீங்கிய செய்தி நம்பிக்கை சார்ந்தது; நிலக்கொடையோ அரசியல் செயல். தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே நெருக்குண்ட ஒரு பாளையக்காரர், தம் எல்லையில் மக்கள் குடியேறுவதையும் நிலம் திருந்துவதையும் விரும்பியிருத்தல் இயல்பே. கோணான்குப்பத்தில் முகாசாபரூர்க் கச்சிராயரின் உதவி கிட்டியதாக வழங்கும் மரபும் இத்தகைய உறவையே காட்டுகிறது.

திவான் பதவி: சான்றும் ஐயமும்

சந்தா சாகிப் 1736 அளவில் மீனாட்சி அரசியிடமிருந்து திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினார். பெஸ்கி பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்று அவரைக் கண்டார்; சந்தா சாகிப் தம் குடும்பத்தாரின் பல்லக்கை அவருக்கு அளித்தார்; ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருவாய் தரும் நான்கு ஊர்களை இனாமாக ஈந்தார்; திவானாகவும் அமர்த்தினார் என்கிறது வரலாற்று மரபு. அவ்வூர்களுள் மால்வாயும் அரசூரும் அடங்கும்.

இச்செய்திகளுக்கு முதன்மை ஊற்று, 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறாகும். எல்லிஸ் துரையின் ஏவலால் தென்மாவட்டங்களில் பெஸ்கியின் நூல்களைத் தேடித் தொகுத்த அவரது உழைப்பு பெரிது. ஆயினும் அந்நூல் நிகழ்ச்சிகளுக்கு எண்பது ஆண்டுகள் பிற்பட்டது. செவிவழிச் செய்திகளைப் பெரிதும் சார்ந்தது. பெஸ்கி 1742இல் மணப்பாட்டில் மறைந்தார் என்னும் பழைய கருத்தும் இம்மரபைச் சார்ந்ததே. இயேசு சபை ஆவணங்களோ அவர் 1747 பிப்ரவரி 4 அன்று அம்பலக்காட்டில் மறைந்ததாகக் காட்டுகின்றன. இறப்பின் ஆண்டிலும் இடத்திலும் பிழைபட்ட ஒரு மரபை, பதவி குறித்த செய்தியில் மட்டும் ஐயமின்றி ஏற்பது முறையாகாது.

திவான் என்பவர் வருவாய் நிருவாகத்தின் தலைவர். வரி நிர்ணயம், கணக்கு, குத்தகை ஆகியவை அவர் பொறுப்பு. மரபு விரிவாகப் பேசுவதோ பல்லக்கு, இனாம், பரிவாரம், உடை ஆகியவற்றையே. இவை அனைத்தும் தமிழகச் சமய நிறுவனங்களுக்குப் பழக்கமானவை. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனத் தலைவர்கள் பல்லக்கில் உலா வந்தனர்; நில மானியங்களை ஆண்டனர்; அரசவைகளில் மதிக்கப்பெற்றனர். அவர்களை எவரும் அரசின் அலுவலராகக் கருதியதில்லை. உடையிலும் நடையிலும் தமிழகத் துறவியர் மரபைத் தழுவிய பெஸ்கிக்கு ஓர் இசுலாமிய ஆட்சியாளர் அதே சிறப்பைச் செய்தார் எனக் கொள்வதே பொருத்தமானது. பிற்காலத்தார் அச்சிறப்பைப் பதவியாகப் பெயர்த்துக்கொண்டனர் எனலாம்.

காவலின் எல்லை

பின்னர் நிகழ்ந்தவையும் இம்முடிவுக்கு அரணாகின்றன. 1740 மே மாதம் தாமல்செருவுப் போரில் நவாப் தோஸ்த் அலி வீழ்ந்தார். 1741 மார்ச்சில் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிப்பைச் சிறைப்படுத்தினர். அத்துடன் பெஸ்கியின் அரசவைச் செல்வாக்கும் முடிவுற்றது; அவர் தெற்கு நோக்கி அகன்றார். இளவரச ஆயரின் அதிகாரம் நிறுவனத்தைச் சார்ந்தது. பேரரசர் மாறினும் ஆயரின் ஆட்சிப்பகுதி மாறாது. பெஸ்கியின் செல்வாக்கு ஒரு தனி மனிதரின் ஆதரவைச் சார்ந்தது. அவர் வீழ்ந்ததும் அது நின்றது. பாளையக்காரரின் நிலக்கொடை மட்டும் தலத்தோடு தங்கியது.

முடிவுரை

பெஸ்கியைத் திவான் ஆக்குவது அவர் பெருமையைக் கூட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் அது, படையோ பதவியோ இன்றி மொழியறிவும் துறவுக் கோலமும் கொண்டு பாளையக்காரரிடமும் நவாபின் மரபினரிடமும் தம் மக்களுக்குக் காவல் தேடிய ஒருவரின் உண்மையான அரசியல் திறனை மறைத்துவிடுகிறது. தேம்பாவணி, சதுரகராதி ஆகியவற்றின் ஆசிரியரை இலக்கிய வரலாறு நன்கறியும். கொள்ளிடக் கரையின் எல்லையரசியலில் வாழ்ந்த பெஸ்கியை அறிய, அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களின் நிலக்கொடைகளையும் இயேசு சபைக் கடிதங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும்.