பாட்டோடு வந்த கூழ்

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்க்கென இயற்றிய ஆடிப்பிறப்புப் பாட்டைக் கீழ்வகுப்பில் கைதட்டிப் பாடியவர்கள் நாம். வளர்ந்து அடுப்படியில் நின்றபோதுதான் அதற்குள் ஒரு சமையற் குறிப்பே இருப்பது புரிந்தது. பயறு வறுத்துக் குத்துவதும், பச்சையரிசி இடிப்பதும், கொழுக்கட்டை அவிப்பதும், கூழுக்குத் தேங்காய்ப்பூ பிழிந்து பனங்கட்டி போடுவதும், பலாவிலையைக் கோலிக் குடிப்பதும் அதில் ஒழுங்காக வருகின்றன.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எம்மில் பலரின் அம்மியும் உரலும் வீட்டோடு நின்றுவிட்டன. பாட்டு எம்மோடு வந்தது. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அதைப் பாடும் எமது பிள்ளைகள், பனங்கட்டி என்றால் என்ன என்று கேட்கிறார்கள்.

ஆயினும் புலவர் அளவு சொல்லவில்லை. எத்தனை சுண்டு மாவுக்கு எத்தனை தேங்காய், எந்தப் பதத்தில் இறக்குவது என்பதெல்லாம் அம்மம்மாமாரின் கைகளில் இருந்தன. அவர்கள் எழுதிவைக்கவில்லை. அந்தக் கைகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன.

பாட்டைக் கல்லூரி தந்தது. அளவை நாமே கேட்டறிய வேண்டும். வருகிற ஆடிப்பிறப்பன்று, அம்மாவோ மாமியோ பக்கத்தில் இருக்கும்போதே, பிள்ளைகளைப் பாடவிட்டுக் கூழ் காய்ச்சுவோம். அவர்கள் அள்ளிப் போடுமுன் சுண்டால் அளந்து எழுதிக்கொள்வோம்.