படத்தில் இல்லாத குழந்தை

நியூயார்க்கின் ஒரு மழலையர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இதில் வரும் குழந்தைகள் ஏன் எப்போதும் வெள்ளையர்களாகவே இருக்கிறார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை முன்வைத்தே கல்வியாளர் நான்சி லாரிக் தன் புகழ்பெற்ற கட்டுரையைத் தொடங்கினார். குழந்தைப் புத்தகங்களின் உலகம் முழுக்க வெள்ளையாக இருப்பதைப் பற்றிய அக்கட்டுரை, 1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரெவ்யூ’ இதழில் வெளிவந்தது.

ஆனால் இந்தக் கேள்வியின் வரலாறு அதற்கும் அரை நூற்றாண்டு மூத்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக ‘தி க்ரைசிஸ்’ என்ற இதழை நடத்திவந்த டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு ஓர் இக்கட்டு இருந்தது. கறுப்பர்கள் கும்பல்களால் கொல்லப்படும் செய்திகளை அவர் மாதந்தோறும் அச்சிட வேண்டியிருந்தது. அவ்விதழைக் குழந்தைகளும் படித்தார்கள். தன் இனத்தைப் பற்றி அறிய விரும்பிய பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வெள்ளையரைத் தான் வெறுப்பதாகவும் அவருக்கு எழுதியிருந்தாள். உண்மையை மறைக்கவும் முடியாது, வெறுப்பைக் கற்பிக்கவும் கூடாது. வெறுப்பு, வெறுக்கப்படுபவரைவிட வெறுப்பவரையே அதிகம் அழிக்கும் என்று டுபாய்ஸ் கருதினார். அதன் விளைவாக 1920 ஜனவரியில் பிறந்ததே ‘தி ப்ரௌனீஸ் புக்’ என்ற சிறுவர் மாத இதழ். ஜெஸ்ஸி ஃபாசெட் அதன் இலக்கியப் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் பெருங்கவிஞரான லாங்ஸ்டன் ஹ்யூஸின் தொடக்ககால எழுத்துகள் அதில் வெளியாயின. இருபத்து நான்கு இதழ்களோடு 1921 டிசம்பரில் அது நின்றுபோனது.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பள்ளியின் கதவைச் சட்டம் திறந்தது. புத்தகம் அப்போதும் திறக்கவில்லை. கார்த் வில்லியம்ஸ் 1958இல் வெளியிட்ட ‘முயல்களின் திருமணம்’ என்ற படக்கதையில் ஒரு கறுப்பு முயலும் ஒரு வெள்ளை முயலும் மணம் செய்துகொள்கின்றன. அவ்வளவுதான் கதை. 1959இல் அலபாமாவில் அதற்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்தது. மாநில நூலகச் சேவையின் தலைவராக இருந்த எமிலி ரீட் அதை முற்றிலும் நீக்க மறுத்து, கேட்பவர்களுக்கு மட்டும் தரும் தனி அடுக்குக்கு மாற்ற நேர்ந்தது. முயல்களின் நிறம்கூட அச்சமூட்டிய காலம் அது.

இந்தப் பின்னணியில்தான் லாரிக்கின் கணக்கை வாசிக்க வேண்டும். 1962 முதல் 1964 வரையிலான மூன்றாண்டுகளில் அவர் ஆராய்ந்த 5,206 குழந்தைப் புத்தகங்களில், ஒரு கறுப்பினத்தவராவது சொல்லிலோ படத்திலோ இடம்பெற்றவை 349 மட்டுமே, அதாவது 6.7 சதவீதம். பனி பெய்த நாளில் தனியே விளையாடும் கறுப்பினச் சிறுவனைப் பற்றிய எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ 1962இல் வெளிவந்து மறு ஆண்டே கால்டெகாட் பதக்கம் பெற்றது. அதைப் போன்றவை விதிவிலக்குகளே.

எனினும், லாரிக்கின் கட்டுரையில் இன்றும் நாம் நின்று யோசிக்கவேண்டிய இடம் அந்த எண்கள் அல்ல. கறுப்பினக் குழந்தைக்கு நேரும் இழப்பைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. எல்லாப் பக்கங்களிலும் தன் முகத்தையே கண்டு வளரும் வெள்ளைக் குழந்தைக்கு நேரும் கேடு அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம் என்றார். உலகின் பெரும்பான்மை மக்கள் வெள்ளையர் அல்லர் என்பதை அறியாமலேயே அக்குழந்தை தன்னை உலகின் மையமாக எண்ணிக்கொள்கிறது.

அதே 1965இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் பள்ளி நூலகங்களுக்கு மத்திய அரசின் நிதியைக் கொண்டுவந்தது. இத்தகைய நூல்களுக்குச் சந்தை பிறந்தது. ஆனாலும் 1985இல் விஸ்கான்சினின் சிறுவர் நூல் மையம் எண்ணிப் பார்த்தபோது, அவ்வாண்டு வெளியான ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியோ வரைந்தோ உருவாக்கியவை 18 மட்டுமே.

1990இல் ஓஹையோ பேராசிரியர் ருடீன் சிம்ஸ் பிஷப், புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். தன்னைக் காணக் கண்ணாடி, பிறரைக் காணச் சன்னல். இன்று ஆசிரியர்கள் பலரும் எடுத்தாளும் உருவகம் அது. ஆனால் பலர் கண்ணாடியோடு நின்றுவிடுகிறார்கள். 2021 முதல் டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களின் பள்ளி நூலகங்களிலிருந்து பல நூல்கள் அகற்றப்பட்டபோது, கறுப்பினக் குழந்தைகள் இழந்த கண்ணாடிகளைப் பற்றிப் பேசினோம். அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த பிள்ளை இழந்த சன்னல்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. டுபாய்ஸ் அஞ்சிய வெறுப்பு அங்கேயும் முளைக்கக்கூடும்.