மீட்புப் புகழ்ப்பாடல்

மீட்புப் புகழ்ப்பாடல்: ஒடுக்குமுறையிலிருந்து விடுவித்த கடவுளைப் போற்றும் எபிரேய மறைநூல் பாடல் வகை. வேண்டுதலைவிட, நடந்து முடிந்த விடுதலையை எடுத்துரைப்பதே இதன் உயிர். இக்கட்டு, கூக்குரல், இறைவனின் தலையீடு, நன்றி என்னும் வரிசை பெரும்பாலும் அமையும். ஒரே கருத்தை அடுத்தடுத்த அடிகளில் மாற்றிச் சொல்லும் இணைநடையும் உண்டு. செங்கடலைக் கடந்தபின் மோசே பாடியதும் மிரியாம் தம்புரு ஏந்தித் தொடர்ந்ததும் (யாத்திராகமம் 15) தலையாய சான்று. தெபோராளின் பாடல் (நியாயாதிபதிகள் 5) எபிரேயக் கவிதையின் மிகப் பழைய அடுக்கைச் சேர்ந்தது என அறிஞர் பலர் கருதுவர். 113 முதல் 118 வரையான சங்கீதங்களை யூதர் பஸ்கா இரவில் பாடுவர்; எகிப்திய அடிமைத்தன நினைவு இவ்வாறு வீட்டு உணவு மேசையிலேயே காக்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

இப்பாடல்களின் தமிழ் வரலாறு காரைக்கால் வட்டாரத்துக்கு அண்மையது. காரைக்காலுக்கு வடக்கே, கடலோரத் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மறைப்பணியாளர் சீகன்பால்க், 1719இல் இறக்கும் முன் பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்தார். ஆகவே மோசே, தெபோராள் பாடல்கள் அவர் கையாலும், சங்கீதங்கள் பணியைத் தொடர்ந்த பெஞ்சமின் சூல்ட்சே வழியாகவும் தமிழாயின. கத்தோலிக்கத் திருச்சபையில் மோசேயின் பாடல் பாஸ்கா திருவிழிப்பில் பாடப்படுகிறது.