உள்வீட்டுப் பிள்ளையும் புழக்கடைக் கதவும்

ஒரு கிளாஸுக்குள்ள இன்னொரு கிளாஸ் எழுதுறோம். உள்ள இருக்கறது, வெளிய இருக்கறதோட பிரைவேட் சமாச்சாரத்தைத் தொடலாமா? கேள்வி சின்னதுதான். ஆனா இதைச் சரி பண்ண சி++க்கு 13 வருஷமும் ஜாவாவுக்கு 21 வருஷமும் ஆச்சுன்னா நம்புவீங்களா?

கொஞ்சம் பின்னாடி போவோம். அல்கால் 60 மொழியில பிளாக்குக்குள்ள பிளாக் எழுதலாம். உள்ளே இருப்பவருக்கு வெளியே உள்ள பெயர்கள் தெரியும்; வெளியே இருப்பவருக்கு உள்ளே உள்ளது தெரியாது. ஆஸ்லோவில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67, இந்த அமைப்போடு கிளாஸையும் சேர்த்தது. பிற்பாடு 'பிரைவேட்' என்ற பூட்டு பரவலானதும் வந்தது வம்பு. பெயர் தெரியறது ஒண்ணு, தொட அனுமதி இருக்கறது இன்னொண்ணு இல்லையா?

1998ல் வந்த சி++ தரத்தில் உள் கிளாஸுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. வெளி கிளாஸோட பிரைவேட்டைத் தொடணும்னா 'ஃப்ரெண்ட்'னு அறிவிக்கணும். பெத்த பிள்ளை வீட்டுக்குள்ள வர சிபாரிசுக் கடிதம் கேட்ட கதை :-) 2011 தரத்தில்தான் உள் கிளாஸும் ஓர் உறுப்பினரே, மற்ற உறுப்பினர்களுக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு என்று மாற்றினார்கள்.

ஜாவா கதை இன்னும் சுவாரசியம். 1997ல் ஜேடிகே 1.1 உள் கிளாஸைக் கொண்டுவந்தது. ரெண்டு பக்கமும் பிரைவேட்டைத் தொடலாம்னு மொழி தாராளமா சொல்லிடுச்சு. ஆனா கீழே ஓடுற ஜேவிஎம்முக்கு இந்த உறவே தெரியாது. அதைப் பொறுத்தவரை ரெண்டும் தனித்தனி கிளாஸ் கோப்புகள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஜேவிஎம்மை மாத்தாம சமாளிக்க, கம்பைலர் 'ஆக்சஸ்$000' மாதிரி பெயரில் ரகசியமா ஒரு மெத்தட் போட்டது. அது பிரைவேட் இல்லை. அந்த பேக்கேஜ் முழுக்கத் திறந்திருக்கும். அதாவது வாசலில் பூட்டு, புழக்கடைக் கதவு தெருவுக்கே திறப்பு! நேரடியா பைட்கோட் எழுதத் தெரிஞ்சவர், அதே பேக்கேஜில் நுழைஞ்சா போதும், பிரைவேட்டை எட்டிடலாம். வேடிக்கை என்னன்னா, சாதாரணமா எழுதினா ஓடுற அதே அழைப்பை ரிஃப்ளெக்ஷன் வழியா செஞ்சா, அனுமதி இல்லைன்னு எக்ஸெப்ஷன் வரும்.

2018 செப்டம்பரில் ஜாவா 11தான் இதைத் தீர்த்தது. ஜெப் 181 திட்டப்படி ஒவ்வொரு கிளாஸ் கோப்பிலும் 'நான் இந்தக் குடும்பம்' என்று குறிப்பு இருக்கும். ஜேவிஎம்மே அதைப் பார்த்து அனுமதிக்கும். புழக்கடைக் கதவுக்கு இனி வேலை இல்லை.

எனக்கு இதில் உறைத்தது இதுதான்: நாம் 'பிரைவேட்' என்று எழுதுவது கம்பைலருக்குச் சொல்லும் வார்த்தை. கீழே இருக்கும் மெஷின் அதைக் காப்பாற்றுதா என்பது தனிக் கேள்வி. அதுவும் ஜாவா 11க்கு முன்னாடி கம்பைல் பண்ணின கோப்புகளில் அந்தக் கதவுகள் இப்பவும் அப்படியேதான் இருக்கு. உங்ககிட்ட பழைய ஜார் கோப்பு இருந்தா, ஜாவாபி கருவியில் ஒருதடவை பிரிச்சுப் பாருங்க மக்களே. எத்தனை கதவு தேறுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க!