துபாயில் 3,000 திர்ஹாம் சம்பளம்: மாசக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு திர்ஹாம் சுமார் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000 திர்ஹாம் என்பது 72,000 ரூபாய். ஊரில் இந்தக் கணக்கைச் சொன்னதும் "அம்மாடியோவ், எழுபதாயிரமா!" என்பார்கள். ஆனால் அந்தப் பணம் துபாயில்தான் சம்பாதிக்கப்படுகிறது, துபாயில்தான் செலவும் ஆகிறது. ரூம் வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் போக ஊருக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும்? விமானம் ஏறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

*சம்பளம் 3,000 என்றால் முழுசா கைக்கு வருமா?*

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. அதனால் ஒப்பந்தத்தில் உள்ள தொகை அப்படியே வங்கிக் கணக்குக்கோ சம்பள அட்டைக்கோ வரும். 2018 ஜனவரி 1 முதல் 5% வாட் வரி இருக்கிறது. அது நாம் வாங்கும் பொருளிலும் சேவையிலும் சேர்ந்துவிடும்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. சம்பளத்தில் இரண்டு பகுதி உண்டு: அடிப்படை ஊதியம், அதற்கு மேல் வீட்டுப்படி, போக்குவரத்துப்படி போன்ற படிகள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, ஓவர்டைம் கணக்கு, வேலையிழப்புக் காப்பீடு மூன்றுமே அடிப்படை ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் பணிக்கொடையாகக் கிடைக்கும். (அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள்.) இருவருக்கும் சம்பளம் 3,000தான். ஆனால் ஒருவருக்கு அடிப்படை 1,200, இன்னொருவருக்கு 1,800.

- அடிப்படை 1,200 என்றால்: ஆண்டுக்கு 840, 5 ஆண்டுக்கு 4,200 திர்ஹாம்
- அடிப்படை 1,800 என்றால்: ஆண்டுக்கு 1,260, 5 ஆண்டுக்கு 6,300 திர்ஹாம்

வித்தியாசம் 2,100 திர்ஹாம், அதாவது சுமார் 50,000 ரூபாய். கையெழுத்துப் போடும்போது அந்த ஒரு வரியைப் பார்க்காமல் விட்டதற்கான விலை அது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை ஒப்பந்தப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. "எனக்கு அரபியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கலாம்.

*பெட் ஸ்பேஸ் என்றால் என்ன? எவ்வளவு ஆகும்?*

துபாயில் குறைந்த சம்பளக்காரர்கள் தனி வீடு எடுப்பது நடக்காத காரியம். வாடகையை ஆண்டுக்கணக்கில் பேசி, சில காசோலைகளாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஏஜென்ட் கமிஷன், முன்பணம், வாடகை ஒப்பந்தப் பதிவான 'எஜாரி' கட்டணம், மின்சாரம்-தண்ணீருக்கு 2,000 திர்ஹாம் டெபாசிட் என்று சாவி கைக்கு வருவதற்குள்ளேயே பெரிய தொகை போய்விடும். இது போக, ஆண்டு வாடகையில் 5% வீட்டுவரியாக மாதாமாதம் மின்சார பில்லோடு சேர்ந்து வரும்.

அதனால்தான் 'பெட் ஸ்பேஸ்'. அதாவது ரூமுக்கு வாடகை இல்லை, கட்டிலுக்கு வாடகை. ஓர் அறையில் 4 பேர், 6 பேர், அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு அலமாரி, பொதுவான குளியலறை, பொதுவான சமையலறை. தேரா, பர் துபாய், கராமா, சத்வா, அல் கூஸ் பகுதிகளில் இது அதிகம். இடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் பொறுத்து மாசம் சுமார் 600 முதல் 1,200 திர்ஹாம் வரை ஆகலாம். பெரும்பாலும் மின்சாரம், தண்ணீர், வைஃபை அதிலேயே அடங்கும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஹாலைப் பலகை வைத்துத் தடுத்து, அறை அறையாக வாடகைக்கு விடும் 'பார்டிஷன்' வீடுகள் அனுமதி இல்லாமல் நடந்தால் சட்டவிரோதம். தீ விபத்து ஏற்பட்டால் வெளியேற வழி இருக்காது. 2025 ஜூனில் அல் ரிகா, அல் சத்வா, அல் பர்ஷா உள்ளிட்ட பகுதிகளில் துபாய் மாநகராட்சி இத்தகைய வீடுகள் மீது நடவடிக்கை எடுத்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அங்கே குடியிருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதுதான்.

பெட் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

- வீட்டின் எஜாரி யார் பெயரில் இருக்கிறது?
- உடன் தங்குபவராக நம் பெயரைப் பதிவு செய்வார்களா? (2022 முதல் துபாயில் இந்தப் பதிவு கட்டாயம்.)
- கொடுக்கும் டெபாசிட்டுக்கு ரசீது உண்டா?
- காலி செய்ய எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்?

*மாசச் செலவு: ஒரு மாதிரிக் கணக்கு*

கம்பெனி தங்குமிடம் கொடுக்காத, 3,000 திர்ஹாம் வாங்கும் ஒருவருக்கான உத்தேசக் கணக்கு இது:

- பெட் ஸ்பேஸ்: 800
- சாப்பாடு: 500
- மெட்ரோ, பஸ்: 230
- போன்: 100
- சோப்பு, முடிவெட்டு, டீ, மருந்து, இதரச் செலவு: 170
- மொத்தம்: 1,800 திர்ஹாம்

மிச்சம் 1,200 திர்ஹாம். ரூபாயில் சுமார் 28,800. ஊரில் "எழுபதாயிரம்" என்று பேசப்படும் சம்பளத்தின் உண்மையான முகம் இதுதான். கம்பெனியே தங்குமிடமும் வண்டியும் கொடுத்தால் இதே சம்பளத்தில் 2,200 திர்ஹாம்வரை மிஞ்சலாம். ஆகவே '3,000 திர்ஹாம், ரூம் இல்லை' என்ற வேலையைவிட '2,200 திர்ஹாம், ரூமும் வண்டியும் இலவசம்' என்ற வேலையில் அதிகம் மிச்சப்படும். சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

*எங்கெல்லாம் மிச்சம் பிடிக்கலாம்?*

சாப்பாடு: தினமும் மூன்று வேளை ஹோட்டல் என்றால் 500 திர்ஹாம் பாதி மாசம்கூடத் தாங்காது. ரூமில் உள்ளவர்கள் காசு போட்டு, முறைவைத்துச் சமைப்பதுதான் பெரும்பாலான தமிழர்களின் வழி. அது முடியாதவர்கள் மாசக் கணக்கில் மெஸ்ஸில் சேர்ந்துகொள்கிறார்கள்.

பயணம்: மெட்ரோ, பஸ், டிராம் மூன்றுக்கும் 'நோல்' அட்டை ஒன்றே போதும். சாதாரண அட்டையில் ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், அடுத்த மண்டலம்வரை 5, அதற்கு மேல் 7.50. இரண்டு மண்டலப் பயணம் தினமும் போய்வந்தால் 26 நாளுக்கு 260 ஆகும். 30 நாள் பாஸ் 230தான். வேலை இடத்துக்கு ஒரே மண்டலத்தில் ரூம் கிடைத்தால் பாஸ் 140. கொஞ்சம் வாடகை குறைவு என்று தூரமாகப் போனால் மிச்சம் பிடித்ததைப் பாஸ் தின்றுவிடும்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று அங்கே தங்கி துபாய்க்கு வேலைக்கு வருகிறவர்களும் ஏராளம். ஆனால் காலையும் மாலையும் அந்தச் சாலை நெரிசலில் தினமும் பல மணி நேரம் போகும். தூக்கமும் சேர்த்துத்தான் செலவு.

பணம் அனுப்புவது: ஒவ்வொரு முறைக்கும் எக்ஸ்சேஞ்சில் கட்டணம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக நான்கு முறை அனுப்புவதைவிட மாசம் ஒரே முறை அனுப்பினால் அந்தக் காசு மிச்சம். கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஒரு திர்ஹாமுக்கு எத்தனை ரூபாய் தருகிறார்கள் என்பதையும் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட வேண்டும். ஊரில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கு தொடங்கினால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.

*ஏஜென்ட் கடன்: சம்பளத்தைத் தின்னும் பூச்சி*

அமீரகச் சட்டப்படி ஆள் எடுப்பதற்கான செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் நேரடியாகவோ சுற்றுவழியிலோ வசூலிக்கக் கூடாது. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி. மொத்தம் 35,400 ரூபாய்.

ஆனால் 'விசா காசு' என்று ஒன்றரை லட்சம் கொடுத்துப் போனால் என்ன ஆகும்? அந்தப் பணத்தை நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தால், முதல் மாச வட்டி மட்டும் 3,000 ரூபாய். மாசம் 13,000 ரூபாய் கட்டினாலும் கடன் தீர 13 மாசத்துக்கு மேல் ஆகும். இரண்டு ஆண்டு விசாவில் பாதிக்கு மேல், மிஞ்சும் 28,800 ரூபாயில் ஏறக்குறைய பாதி வட்டிக்காரருக்கே போகும்.

விசிட் விசாவில் போய் வேலை செய்வதும் சட்டவிரோதம். அப்படி வேலை பார்த்தவர் சம்பளம் வராவிட்டால் புகார் சொல்லவும் தயங்குவார். மோசடிக்காரர்களுக்கு அதுதான் வசதி.

*குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியுமா?*

மனைவி, பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் செய்யக் குறைந்தபட்சம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் கம்பெனி தங்குமிடமும் இருக்க வேண்டும். விதிப்படி முடியும் என்பதற்காகக் கையில் கட்டுப்படியாகும் என்று அர்த்தமில்லை. தனி வீட்டு வாடகை, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு, பள்ளிக் கட்டணம் மூன்றும் சேர்ந்தால் 4,000 திர்ஹாம் போதாது. அதனால்தான் பலர் விசா தகுதி இருந்தும் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வீடியோ காலில் பிள்ளை வளர்வதைப் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப் அழைப்புக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பதால், அனுமதிக்கப்பட்ட வேறு செயலிகளை ஊரில் உள்ளவர்களும் போனில் ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

*வேலை போனால், உடம்பு சரியில்லாமல் போனால்?*

- மருத்துவக் காப்பீடு: துபாயில் ஊழியருக்கு இதை எடுத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. அந்தக் காசைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.
- வேலையிழப்புக் காப்பீடு: 2023 முதல் கட்டாயம். அடிப்படை ஊதியம் 16,000 திர்ஹாம் வரை உள்ளவருக்கு மாசம் 5 திர்ஹாம். தொடர்ந்து 12 மாசம் கட்டியிருந்தால், வேலை போனபின் அடிப்படை ஊதியத்தில் 60% மூன்று மாசம்வரை கிடைக்கும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. சேராதவருக்கு 400 திர்ஹாம் அபராதம்.
- பிரவாசி பாரதிய பீமா யோஜனா: 10ஆம் வகுப்பு தேறாமல் இசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இது கட்டாயம். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய்.
- பாஸ்போர்ட்: முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு.

சம்பளம் வரவில்லை என்றால் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் 80084 என்ற எண்ணில் புகார் செய்யலாம். இந்தியர்களுக்கு உதவ துபாயில் இயங்கும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லா எண் 80046342.

*வங்கி தரும் கடன் அட்டை வேண்டுமா?*

சம்பளம் வரத் தொடங்கியதும் கடன் தருகிறோம் என்று போன் வரும். தனிநபர் கடன் சம்பளத்தைப்போல் 20 மடங்குவரை கிடைக்கலாம். 48 மாசத்துக்குள் கட்ட வேண்டும். எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் 3,000 வாங்கி 1,800 செலவழிப்பவருக்குப் பாதிச் சம்பளம் தவணையாகப் போனால், சாப்பாட்டுக்கே இன்னொரு கடன்தான். கடன் நிற்கும்போது வேலை போய், வங்கி வழக்குப் போட்டால் பயணத் தடை வரலாம். அப்புறம் ஊருக்குத் திரும்புவதே கஷ்டம்.

*போகலாமா, வேண்டாமா?*

மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். தங்குமிடம் யார் செலவு? அடிப்படை ஊதியம் எவ்வளவு? விசா செலவு யாருடையது? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் 3,000 திர்ஹாமிலும் குடும்பம் தலைநிமிரலாம். "அங்க போனதும் பாத்துக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், டிக்கெட் போடும் முன் இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.